முகத்தைக் கடைசியில் வரையுங்கள்: முர்னாவ் பாணியில் வெளிப்புற உருவப்படத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

திறந்தவெளியில் ஒருவரை நிற்கவைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆரம்பிக்கும் பலரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: மூக்கு. மூக்கு சரியாக வராது, ஜாடை தப்பும், துடைத்துவிட்டுத் திரும்ப வரைவோம். அதற்குள் வெயில் நகர்ந்துவிடும், நிற்பவருக்கும் கால் கடுக்கும். மாலையில் பார்த்தால் முகம் மட்டும் பத்து தடவை பூசிய சேறாக இருக்கும், மற்ற இடமெல்லாம் வெறும் அட்டை.

1908 முதல் 1910 வரை தெற்கு ஜெர்மனியின் முர்னாவ் என்ற சிறு ஊரில் நான்கு ஓவியர்கள் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார்கள். வசீலி கான்டின்ஸ்கி, கேப்ரியேல மியுன்டர், அலெக்ஸி யாவ்லென்ஸ்கி, மரியானே வெரெஃப்கின். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் கான்டின்ஸ்கி பொருளே தெரியாத ஓவியத்துக்குப் போய், அரூப ஓவியத்தின் முன்னோடி என்று பெயர் வாங்கினார். ஆனால் அந்தப் பாதை புல்வெளியிலும் வீட்டுச் சுவரோரத்திலும் ஒருவரையொருவர் வரைந்த நாட்களில்தான் தொடங்கியது. அவர்களுடைய முறையை நம் கையால் செய்து பார்ப்பதற்கான வழிகாட்டி இது. நமக்கு மாதிரிப் படம் மியுன்டர் 1909-இல் வரைந்த வெரெஃப்கினின் உருவப்படம். கான்டின்ஸ்கியின் படத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். வெளியில் வைத்து ஓர் ஆளை வரைவதில் அந்த நால்வரில் மியுன்டரின் கைதான் தெளிவானது என்பது என் கணிப்பு. கற்றுக்கொள்ளவும் அவர் படம்தான் எளிது.

முதலில் படத்தைப் பாருங்கள்

தூரிகையை எடுப்பதற்கு முன் அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்றைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூலப்படம் மியூனிக் நகரின் லென்பாஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டையில் எண்ணெய் வண்ணம், உயரம் 81 செ.மீ., அகலம் 55 செ.மீ.

பின்னணி முழுக்க மஞ்சள். அது கற்பனை வெளி இல்லை, மியுன்டர் அந்த ஆண்டு முர்னாவில் வாங்கிய வீட்டின் மஞ்சள் அடிச்சுவர். அதன் முன்னால் வெரெஃப்கின் தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். தலையில் பூக்கள் நிறைந்த பெரிய தொப்பி. வண்டிச் சக்கரம் அளவு தொப்பி, அதில் என்னென்னவோ இடம்பிடித்திருந்தது என்று மியுன்டரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். கழுத்திலிருந்து ஊதா நிறச் சால்வை நீளமாக இறங்குகிறது. உடம்பு வெளிர் நிறத்தில் ஒரே பாளமாகக் கீழ்நோக்கி அகலுகிறது. கை, விரல், மடிப்பு, பொத்தான் என்று எதுவும் நம் கண்ணை இழுப்பதில்லை.

இப்போது முகத்துக்கு வாருங்கள். தோல் நிறம் என்று நாம் நினைப்பது அங்கே கொஞ்சம்தான். நிழல் விழும் பக்கத்தில் பச்சை. உதடு நல்ல சிவப்பு. பாதி கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் முகத்துக்கும் தொப்பியில் உள்ள பூக்களுக்கும் ஒரே மாதிரி மரியாதைதான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அந்த அம்மையாரின் மிடுக்கு முழுசாக வந்திருக்கிறது. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ரஷ்யாவில் ரெபின் என்ற பெயர்பெற்ற ஓவியரிடம் பயின்றவர். வேட்டையில் துப்பாக்கி வெடித்து வலது கை சிதைந்தபின் திரும்பப் பழகி வரைந்தவர். யாவ்லென்ஸ்கியை ஓவியராக வளர்த்தெடுப்பதற்காகத் தன் ஓவியத்தையே சுமார் பத்து ஆண்டுகள் தள்ளிவைத்துவிட்டு மீண்டும் தூரிகை எடுத்தவர். தலை திரும்பியிருக்கும் விதத்திலேயே இதெல்லாம் இருக்கிறது. மூக்கின் நுனியில் இல்லை.

இதோடு ஒப்பிட 1903-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். மியுன்டர் 1902-இல் மியூனிக்கில் கான்டின்ஸ்கி நடத்திய ஃபேலங்ஸ் ஓவியப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தவர். அடுத்த கோடையில் வகுப்பு கால்மியுன்ட்ஸ் என்ற ஊருக்குப் போனது. அங்கே மியுன்டர் வெளியில் ஓவியத் தாங்கியின் முன்னால் வரைந்துகொண்டிருப்பதைக் கான்டின்ஸ்கி வரைந்தார். கான்டின்ஸ்கி இயற்கைக் காட்சி வரைந்துகொண்டிருப்பதை மியுன்டர் வரைந்தார். இரண்டும் இன்றைக்கு லென்பாஹவுஸில்தான் இருக்கின்றன. அந்தக் காலத்து வேலைகளில் வெளிச்சம்தான் கதாநாயகன். இம்ப்ரஷனிச வழியில், வண்ணத்தைத் திட்டுத் திட்டாக அப்பி வரைவார்கள். வண்ணத்தை அப்பும் பேலட் நைஃப் என்ற கத்தியைப் பிடிக்க மியுன்டர் கற்றதும் கான்டின்ஸ்கியிடம்தான். ஆறே வருடத்தில் அந்தத் திட்டுகளெல்லாம் கூடி, கோடு சுற்றிய பெரிய பாத்திகளாக மாறிவிட்டன. இயற்கையைப் பார்த்து அப்படியே எழுதுவதிலிருந்து, உள்ளே இருக்கும் சாரத்தைப் பிழிந்து கொடுப்பதற்குத் தாவினேன் என்ற பொருளில் மியுன்டர் 1911-இல் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். நாம் பழகப்போவது இந்தத் தாவலைத்தான்.

அட்டையும் வண்ணமும்

முர்னாவில் அவர்கள் கேன்வாஸைவிட அட்டையை அதிகம் விரும்பினார்கள். மலிவு, தூக்கிக்கொண்டு போகலாம், எண்ணெயைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால் அடுத்த வண்ணம் வழுக்காமல் உட்காரும். 1908 இலையுதிர் காலத்தில் சில நாட்களில் ஐந்து படங்கள், பல நாட்களில் மூன்று படங்கள் வரைந்ததாக மியுன்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பயிற்சிப் படங்களின் அளவு 33 × 41 செ.மீ. நீங்களும் அதே அளவில் தொடங்குங்கள். கை பழகியபின் 60 × 40-க்குப் போகலாம், வெரெஃப்கின் படத்தின் நீள அகல விகிதம் கிட்டத்தட்ட அதுதான்.

புத்தக பைண்டிங்குக்கு வாங்கும் கனமான அட்டை போதும், மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. வெறும் அட்டையில் எண்ணெய் நேரடியாகப் பட்டால் நாளடைவில் அட்டை மக்கி நொறுங்கும். அதனால் நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தை இரண்டு கை மெல்லிசாகப் பூசுங்கள். பின்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் அட்டை அப்பளமாக வளையும். ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு வேண்டாம். அட்டையின் பழுப்பு நிறம் அங்கங்கே தெரிய வேண்டும், இந்தப் பாணியில் அதுவும் ஒரு வண்ணம்.

வண்ணங்கள்: டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள், எல்லோ ஆக்கர், காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், பிரஷியன் நீலம், விரிடியன் பச்சை. எட்டு போதும். கறுப்புக் குழாய் வாங்காதீர்கள். பிரஷியன் நீலத்தோடு கொஞ்சம் கிரிம்சன் சேர்த்தால் கறுப்பைவிட உயிரான கருமை கிடைக்கும். ஆனால் பிரஷியன் நீலம் பொல்லாதது, அரிசியளவு எடுத்தாலே வண்ணம் கலக்கும் பலகை முழுக்கப் பரவிவிடும். பிரவுன் வகைகளையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கையில் இருந்தால் நிழலுக்கு அதைத்தான் எடுப்போம்.

தூரிகை தட்டையான பன்றிமுடித் தூரிகையாக இருக்கட்டும், 6, 8, 10 எண்களில். கோட்டுக்கு மட்டும் உருண்டைத் தூரிகை ஒன்று, 4-ஆம் எண். டர்பென்டைன் கொஞ்சம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

இடமும் ஆளும்

வெளிப்புற உருவப்படம் என்றதும் மரம், மலை, வயல் என்று பின்னணி தேடத் தோன்றும். சுவரைத் தேடுங்கள். மியுன்டர் கண்ணெதிரே ஆல்ப்ஸ் மலை இருக்கும் ஊரில் வீடு வாங்கியவர், நிலக்காட்சிகள் ஏராளமாக வரைந்தவர். தோழியை வரையும்போது மலையை விட்டுவிட்டு வீட்டு அடிச்சுவரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நிறச் சுவர் இரண்டு வேலை செய்கிறது. ஆளின் வெளிக்கோட்டைப் பளிச்சென்று காட்டுகிறது, தூரம் என்ற பிரச்சினையையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. மஞ்சள், காவி, நீலம் என்று எந்தச் சுவரானாலும் சரி, வெள்ளை மட்டும் வேண்டாம்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னாலோ மாலை நாலரைக்கு மேலோ பாருங்கள். நம் ஊர் உச்சிவெயில் கண்குழியில் கறுப்பு நிழலை நட்டுக்குத்தாக இறக்கும், அதில் நிறம் தேடினாலும் கிடைக்காது. வரைபவரும் அட்டையும் நிழலில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். வெயில் படும் அட்டையில் கலக்கும் வண்ணம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் இருண்டு போயிருக்கும்.

நிற்பவரை நேராகப் பார்க்கச் சொல்லாதீர்கள். உடம்பு ஒரு பக்கம், தலை இன்னொரு பக்கம் திரும்பியிருக்கட்டும். பெரிய உருவமாகத் தெரியும் ஏதாவது ஒன்று மேலே இருக்கட்டும்: தொப்பி, முண்டாசு, தலையில் போர்த்திய துப்பட்டா, குடை. மெல்லிய பூவேலை உள்ள உடை வேண்டாம், ஒரே நிற உடை நல்லது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இளைப்பாற விடுங்கள். கால் வைத்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் திரும்ப அதே இடத்தில் நிற்கலாம்.

கோடு முதலில்

பென்சில் வேண்டாம். கருநீலக் கலவையை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து, உருண்டைத் தூரிகையால் நேராக அட்டையில் இறங்குங்கள். தொப்பியின் வெளிவட்டம், தோளின் சரிவு, சால்வையின் இரு ஓரம், முகத்தின் முட்டை வடிவம். அவ்வளவுதான். கண், மூக்கு இப்போது கிடையாது.

முர்னாவ் ஓவியங்களின் கனத்த கோட்டுக்கு இரண்டு ஊற்று உண்டு. ஒன்று பிரெஞ்சு வழி: பிரெஞ்சு ஓவியர் கோகானின் வட்டத்தினர் கையாண்ட முறையை யாவ்லென்ஸ்கி கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொன்னார். பெரிய தட்டையான நிறம், அதைச் சுற்றி வேலி போலக் கருங்கோடு. இன்னொன்று உள்ளூர்ச் சரக்கு. கண்ணாடியின் பின்பக்கத்தில் சாமி படம் எழுதும் வழக்கம் அந்த வட்டாரத்தில் இருந்தது. ஊர் மதுவடிப்பாளர் யோஹான் கிரெட்ஸ் அப்படிப்பட்ட படங்களைப் பெரிய தொகுப்பாகவே சேர்த்துவைத்திருந்தார். ஹைன்ரிஹ் ரம்போல்ட் என்ற உள்ளூர்க் கைவினைஞரிடம் மியுன்டர் அந்த வேலையைக் கற்றார், கான்டின்ஸ்கியும் அதில் இறங்கினார். கண்ணாடியின் பின்னால் வரையும்போது முதலில் வைப்பதுதான் முன்னால் தெரியும். அதனால் கோடு முதலில், நிறம் அதற்குமேல், பின்னணி கடைசியில் என்று வரிசையே தலைகீழ். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கோட்டை முதலிலேயே தீர்மானித்துவிடும் தைரியம் அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது.

கோடு தப்பிவிட்டால் அழிக்காதீர்கள், பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். தப்பான கோட்டைப் பிறகு நிறம் மூடிக்கொள்ளும்.

பாத்தி கட்டுதல்

இப்போது படம் ஐந்தாறு பாத்திகளாகப் பிரிந்திருக்கும்: சுவர், தொப்பி, முகம், சால்வை, உடம்பு. முதலில் சுவர். பத்தாம் எண் தூரிகையை எடுத்து காட்மியம் மஞ்சளும் ஆக்கரும் கலந்து நிரப்புங்கள். ஒரே சீராக, வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிப்பது போல வேண்டாம். ஓரிடத்தில் ஆக்கர் கூடட்டும், ஓரிடத்தில் துளி சிவப்பு ஏறட்டும், தூரிகை போன தடம் தெரியட்டும். கோட்டை ஒட்டும் இடத்தில் ஒரு நூலளவு அட்டையை விட்டுவிடுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பதற்கு அந்தச் சந்துதான் காவல்.

சுவரை முதலில் முடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிறம் தனியாக எப்படி இருக்கிறது என்பது முக்கியமே இல்லை, பக்கத்து நிறத்தோடு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பழுப்பு அட்டையின் நடுவில் கலந்த முகநிறம், மஞ்சள் வந்து சூழ்ந்ததும் சாம்பலாகிவிடும். சுவர் இருந்தால் முதல் தடவையே சரியாகக் கலக்கலாம்.

அப்புறம் உடம்பு. வெரெஃப்கின் படத்தில் இருப்பதுபோல ஒரே வெளிர்நிறப் பாளம். வெறும் வெள்ளையை அப்பினால் சுண்ணாம்பாகத் தெரியும். வெயில் பக்கம் வெள்ளையோடு துளி மஞ்சள், நிழல் பக்கம் வெள்ளையோடு துளி அல்ட்ராமரைன். மடிப்புக்காக இரண்டு கோடு, மூன்றாவது கோடு போடக் கை நீண்டால் தூரிகையைக் கீழே வையுங்கள். சால்வைக்கு மஞ்சளின் எதிர்நிறமான ஊதா. அல்ட்ராமரைனும் கிரிம்சனும் கலந்து, மேலிருந்து கீழாக நீண்ட இழுப்பாக இழுங்கள். மியுன்டரின் படத்தில் ஊதாவும் மஞ்சளும் மோதுவதால்தான் அந்த நிமிர்வு. உங்கள் சுவர் நீலமாக இருந்தால் சால்வையை ஆரஞ்சுப் பக்கம் தள்ளுங்கள். நிற்பவரின் துணி உண்மையில் வேறு நிறமாக இருந்தாலும் சரி, இங்கே உங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு.

தொப்பியில் மட்டும் கொஞ்சம் விளையாடலாம். பூ ஒன்றுக்கு ஓர் அழுத்தல், தூரிகையை வைத்து எடுத்தால் போதும். இதழ் எண்ணாதீர்கள்.

கடைசியாக முகம்

இதற்குள் நாற்பது நிமிடமாவது ஆகியிருக்கும். முகம் இன்னும் காலி. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் ஆள் யாரென்று ஏற்கெனவே தெரியும். தலை சாய்ந்த கோணம், தோளின் சரிவு, தொப்பியின் அகலம் ஆகியவை ஜாடையில் பாதிக்குமேல் சொல்லிவிடுகின்றன. இதை நம்பாதவர்கள் மியுன்டரின் இன்னொரு படத்தைப் பாருங்கள். அதே 1909-இல், யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும் முர்னாவ் புல்வெளியில் சாய்ந்திருப்பதை 32.7 × 44.5 செ.மீ. அட்டையில் வரைந்தார். இருவர் முகத்திலும் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வாயும் இல்லை, வெறும் நிறம்தான். அவர்களைப் பழகியவர்களுக்கு அடையாளம் தெரிய அது போதுமாக இருந்தது.

நம் படத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று கலவை செய்துகொள்ளுங்கள். வெயில் பக்கத்துக்கு வெள்ளை, ஆக்கர், துளி காட்மியம் சிவப்பு. மாநிறத்துக்கு ஆக்கரைக் கூட்டி வெள்ளையைக் குறையுங்கள், கறுத்த நிறத்துக்குக் கிரிம்சனும் ஆக்கரும் முன்னால் வரட்டும். நிழல் பக்கத்துக்கு விரிடியனோடு கொஞ்சம் ஆக்கர், அதே அளவு வெளிச்சம் தாங்கும்படி வெள்ளை. இரண்டுக்கும் நடுவில், கன்னத்தில், சிவப்பு ஏறிய ஒரு கலவை.

பச்சை நிழல் என்றதும் பயம் வரும். உண்மையில் அது அங்கே இருக்கிறது. வெயில் பட்ட தோல் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும்போது, வானத்தையும் புல்லையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிழல் பக்கம் குளிர்ச்சியாகத்தான் தெரியும். வெளியில் நிற்பவரின் தாடைக்கு அடியில் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள், பிடிபடும். மியுன்டர் செய்தது அதைக் கூட்டியது மட்டுமே. ஒரே நிபந்தனை: பச்சை, பக்கத்து இளஞ்சிவப்பைவிட மிக இருட்டாக இருக்கக் கூடாது. இருண்டால் தாடி, சமமாக இருந்தால் நிழல்.

ஒவ்வொரு கலவையையும் ஒரே பூச்சில் வையுங்கள். இரண்டு நிறம் சந்திக்கும் ஓரத்தைத் தூரிகையால் தேய்த்து மென்மையாக்கக் கூடாது. தேய்த்த மறு நொடியில் அது காலண்டர் முகமாகிவிடும். பிறகு கருநீலக் கோட்டால் புருவம், மேல் இமை, மூக்கின் ஒரு பக்க விளிம்பு. உதட்டுக்கு நல்ல காட்மியம் சிவப்பு, இரண்டே அழுத்தல். கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி வைக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதை வைத்ததும் முகம் மட்டும் படத்திலிருந்து பிதுங்கும்.

கடைசி ஐந்து நிமிடம், மங்கிப்போன வெளிக்கோடுகளில் சிலவற்றை மட்டும் கனமாக்குங்கள். வெளிச்சம் விழும் பக்கத்துக் கோட்டை விட்டுவிடுங்கள். முடிந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் நீங்கள் வேறு ஏதோ பாணியில் வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

மெல்லிய பூச்சானால் ஒரு வாரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும். வார்னிஷ் அடிக்காதீர்கள், அட்டையின் மங்கலான மேற்பரப்புதான் இந்தப் படத்துக்கு அழகு.

அதே படம், ஆள் இல்லாமல்

இங்கிருந்துதான் கான்டின்ஸ்கியின் பக்கம் போகிறோம். அவர் தன் ஓவியங்களை மூன்று வகையாகப் பிரித்தார். வெளியே கண்டதன் நேரடிப் பதிவு ‘இம்ப்ரஷன்’, உள்ளே எழுந்தது ‘இம்ப்ரொவைசேஷன்’, நெடுநாள் யோசித்துக் கட்டியது ‘கம்போசிஷன்’. இசைக் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து 1911 ஜனவரியில் அவர் வரைந்த ‘இம்ப்ரஷன் 3’ முதல் வகை. அதில் கறுப்புப் பியானோ ஒரு பாத்தி, மஞ்சள் ஒரு பெரும் வீச்சு, கேட்பவர்கள் வெறும் வளைகோடுகள். சுவரோரம் நின்ற அம்மையாரின் படத்தைப் பார்த்த கண்ணுக்கு இது அந்நியமாக இருக்காது.

படம் காய்ந்ததும் அதைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, அதே அளவு புது அட்டையில் நினைவிலிருந்து வரையுங்கள். எது ஞாபகம் வருகிறதோ அது மட்டும். மூன்றாவது அட்டையில், இரண்டாவது படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து அதைப் பார்த்து வரையுங்கள். ஒரு நாள் அந்தி நேரத்தில் தன் அறைக்குள் நுழைந்தபோது, சொல்ல முடியாத அழகோடு ஒரு படம் ஒளிர்வதைக் கண்டு திகைத்ததாகவும், அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்ட தன் சொந்தப் படம்தான் என்று பிறகு தெரிந்ததாகவும் கான்டின்ஸ்கி எழுதியிருக்கிறார். சாய்த்ததும் தோள் தோளாக இருக்காது, ஊதா இழுப்பு சால்வையாக இருக்காது. நிறங்களின் பலம் மட்டும் மிஞ்சும். எங்கே பலம் இல்லையோ அங்கே முதல் படத்திலும் ஓட்டை இருந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றையும் வரிசையாக மாட்டி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த ஆளை நிற்கவைக்கும்போது அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

மூலங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். முதல் உலகப்போரில் கான்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டுப் போனபின் அவருடைய படங்கள் மியுன்டரிடமே தங்கிவிட்டன. நாஜி ஆட்சியில் இப்படிப்பட்ட ஓவியங்கள் சீரழிந்த கலை என்று தடைபட்டிருந்த காலம் முழுக்க, முர்னாவ் வீட்டின் நிலவறையில் அவற்றை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 1957-இல், தன் எண்பதாவது பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை லென்பாஹவுஸுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீடும் இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதலில் அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் முர்னாவுக்குப் போவதுதான் சரியான வரிசை. எதையெல்லாம் வரையாமல் விட்டார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.